கப்பல் ஏறாத நானோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலிவான சின்னக் கார்களை அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேண்டுமென்றே உள்ளே விடுவதில்லை, அங்குள்ள பெரிய கம்பெனிகள் சட்டத்தை வேலியாகப் போட்டுக்கொண்டு சொந்த மக்களின் பையைக் காலி செய்கின்றன என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். திருப்பெரும்புதூர் பக்கம் கார்களுக்குப் பாடி பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். வண்டியைப் பார்த்தால் பெயின்டைப் பார்க்கத் தோன்றாது, தகட்டைத் தட்டிப் பார்க்கத்தான் கை போகும்.

கட்டுரை டாடா நானோவைத்தான் பெரிதாக எடுத்துக்காட்டியது. நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் அந்த வண்டியை ரத்தன் டாடா மேடையேற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு லட்ச ரூபாய்! அந்த விலை மந்திரத்தால் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்ததால் வந்தது. பின்பக்கம் 624 சிசி எஞ்சின், இரண்டே சிலிண்டர். சக்கரத்துக்கு நான்கு நட்டு போடும் இடத்தில் மூன்று. முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். டிக்கியை வெளியிலிருந்து திறக்க வழி கிடையாது. ஆரம்ப மாடலில் ஏசி இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. ஏர்பேக்கும், அவசரப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இங்கே விற்ற எந்த மாடலிலும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு எஞ்சினியரிங் சாதனை அது. ஆனால் அதன் விலை என்பது அதில் இல்லாத பொருள்களின் விலை.

2009 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அதே மாதம் ஜெனிவா கண்காட்சியில் 'நானோ யூரோப்பா' என்று ஒன்றைக் காட்டினார்கள். நீளம் கூடியிருந்தது, அகலம் கூடியிருந்தது, ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருந்தன. 2011-ல் ஐரோப்பாவுக்கு வரும் என்றார்கள். ஒரு லட்சம் என்ற பேச்சு மட்டும் அந்த வண்டியைப் பற்றி எழவே இல்லை. கடைசிவரை அது ஷோரூமுக்கும் வரவில்லை.

ஏன் என்பதைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து சொல்கிறேன். ஏர்பேக் என்றால் கடையில் வாங்கி ஸ்டீயரிங்கில் மாட்டிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மோதும்போது முன்பகுதி ஒரு ஒழுங்கோடு நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். உட்காரும் கூண்டு நசுங்கக் கூடாது. கூண்டே குலைந்தால் பை விரிந்து என்ன பயன்? கூண்டைக் கெட்டியாக்க உயர்பலத் தகடு வேண்டும், வெல்டிங் புள்ளிகள் கூட வேண்டும். எடை ஏறும். எடை ஏறினால் பிரேக் பெரிதாக வேண்டும், டயர் அகலமாக வேண்டும், அந்த ரெண்டு சிலிண்டர் எஞ்சின் மூச்சு வாங்கும். எஞ்சினை மாற்றினால் புகைச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு நூலை இழுத்தால் சேலை முழுக்கப் பிரியும் என்பார்களே, அந்தக் கதைதான்.

அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோதனையில் மனிதனுக்குப் பதிலாக உட்காரவைக்கும் பொம்மை பெல்ட் போடாமல் இருந்தாலும் முன் ஏர்பேக் அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. பக்கவாட்டில் கம்பத்தில் மோதிப் பார்க்கும் சோதனை உண்டு. வண்டி வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் எலக்ட்ரானிக் கருவி 2012 மாடல்களிலிருந்து கட்டாயம், பின்பக்கக் கேமரா 2018 மே மாதத்திலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் 2024 ஜூலைக்குப் பிறகு விற்கும் புதுக் கார் எதுவானாலும் தானாகப் பிரேக் போடும் வசதி இருந்தாக வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு உடைத்துப் போடும் வண்டிகளின் கணக்கு பென்ஸுக்கும் நானோவுக்கும் ஒன்றுதான். லாபம் மட்டும்தான் ஒன்றல்ல.

இந்தியாவில் செய்யத் தெரியாததால் போகவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் ஐ10 ஐரோப்பாவில் ஓடியது. ஐரோப்பியர்கள் வாங்கிய நிசான் மைக்ரா ஒரு காலத்தில் ஒரகடத்தில்தான் பிறந்தது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து ஈக்கோஸ்போர்ட் 2018-ல் அமெரிக்காவுக்கே போனது. ஆனால் அது அங்கே சுமார் 20,000 டாலரில் தொடங்கியது. நம் ஊர்ப் பணத்தில் அன்றைக்குப் பதின்மூன்று லட்சத்தை ஒட்டி வரும். இங்கே அதன் ஆரம்ப விலை எட்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

ஐ10 பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஐரோப்பாவில் 2008-ல் மோதிப் பார்த்தபோது அதற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2014-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியச் சந்தைக்கான ஏர்பேக் இல்லாத ஐ10-ஐ மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பூஜ்யம். நானோவுக்கும் அன்று பூஜ்யம்தான். "மேலைநாட்டான் நம் மலிவுக் காரை ஏன் வாங்குவதில்லை" என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டார். நமக்கு எதைக் கொடுத்தார்கள் என்றும் அவர் கேட்டிருக்கலாம்.

சட்டத்தின் கதவு ஒருமுறை திறந்தே கிடந்த கதையும் உண்டு. 1968-ல் சுபாரு 360 என்ற குட்டிக் கார் 1,297 டாலருக்கு அமெரிக்கா வந்தது. எடை ஆயிரம் பவுண்டுக்குள் இருந்ததால் பாதுகாப்பு விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. 'ஏற்கத் தக்கதல்ல' என்று அடுத்த வருஷமே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை எழுதிவிட்டது. அதை இறக்குமதி செய்தவர்களில் ஒருவரான மால்கம் பிரிக்லின் சளைக்காமல் 1985-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து யூகோ என்ற சின்னக் காரை 3,990 டாலருக்குக் கொண்டுவந்தார். முதலில் விற்றது, பிறகு ஊர் முழுக்க நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. அந்த விலைக்கு அங்கே ஒழுங்காக ஓடிய பழைய டொயோட்டா கிடைக்கும். இங்கே நானோவுக்குப் போட்டி, நாலு பேர் நெருக்கியடித்துப் போகும் ஸ்கூட்டர். அமெரிக்காவின் ஓஹியோவில் போட்டி, ஐந்து வயதான டொயோட்டா கொரோலா. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் முக்கால்வாசி விஷயம் முடிந்தது.

கட்டுரையில் நான் ஒப்புக்கொண்ட பாதி வரி பற்றியது. வெளிநாட்டுச் சிறிய லாரிகளுக்கு அமெரிக்கா 1964 முதல் போடும் 25 சதவீத வரிக்கும் பாதுகாப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்ட கோபத்தில் வந்தது அது! 2024-ல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீதம் போட்டதும் வேலிதான். ஆனால் 2020-ல் சீனாவில் 28,800 யுவானுக்கு வந்த வூலிங் ஹோங்குவாங் மினி என்ற குட்டி மின்சாரக் காரின் அடிப்படை மாடலில் ஏர்பேக்கே கிடையாது. வரியைப் பூஜ்யமாக்கினாலும் அந்த வண்டி அப்படியே நியூயார்க் சாலையில் இறங்க முடியாது. ஜப்பானில் 'கீ' என்று சொல்லும் 660 சிசி குட்டி வண்டிகளையோ, 25 வயது ஆனபின் அந்தப் பாதுகாப்பு விதிகளைக் கேட்காமல் அமெரிக்காவுக்குள் விடுகிறார்கள். கிழவனானால்தான் விசா.

மலிவே கூடாது என்று ஐரோப்பா சொல்லவும் இல்லை. 2020-ல் பிரான்ஸில் சுமார் 6,000 யூரோவுக்கு வந்த சிட்ரோவன் ஆமியைப் பாருங்கள். மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாது, பதினாலு வயதுப் பிள்ளை ஓட்டலாம். சட்டப்படி அது கார் இல்லை, அவ்வளவுதான்.

நானோவை விரட்டியது வெளிநாட்டுச் சட்டம் என்று முடித்திருந்தீர்கள். 2018 ஜூன் மாதம் முழுக்க தயாரானது ஒரே ஒரு நானோ. அந்தச் சமயம் அது விற்க வேண்டிய ஊர் நம் ஊர்தான்; நாம்தான் வாங்கவில்லை. எங்கள் தெருவில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் இன்னும் ஒரு மஞ்சள் நானோ வைத்திருக்கிறார். மழை நாளில் பேத்தியைப் பள்ளியில் விட அதைவிட உத்தமமான வண்டி இல்லை என்பார். பெங்களூரு நெடுஞ்சாலையில் மட்டும் அதை ஏற்றமாட்டார்; அதற்கு மகனின் காரை இரவல் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்,
திருப்பெரும்புதூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)