முதலாமாண்டு மாணவியர் விடுதிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள எங்கள் பொறியியல் கல்லூரியின் முதலாமாண்டு மாணவியர் விடுதியில் 2024–25 கல்வியாண்டு நிறைவுபெற்று, பிள்ளைகள் பெட்டி படுக்கைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இனி அவர்கள் மூத்த மாணவியர் விடுதிக்கு மாறிவிடுவார்கள். நாங்கள் கல்லூரிக்கு அளிக்கும் ஆண்டறிக்கையில் சேர்க்கை எண்ணிக்கையும் உணவுக் கட்டணமும் பழுதுபார்ப்புச் செலவும் இடம்பெறும். யார் எந்த நேரத்தில் கைகொடுத்தார்கள் என்பது இடம்பெறாது. ஆகவே, உதவிக் காப்பாளர் என்ற முறையில் இம்மடலைத் தனியாக எழுதுகிறேன். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த காரியத்தைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

விடுதி வாழ்க்கையை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். 1996-இல் தமிழகத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதைக்கு (ராகிங்) உள்ளாகிக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிமுறைகள், புதிதாகச் சேரும் மாணவர்களை இயன்றவரை தனி விடுதியில் தங்கவைக்க வேண்டும் என்றும், அதற்கு வசதியில்லாத இடங்களில் அவர்களுடைய தங்குமிடத்துக்கு மூத்தவர்கள் வந்துபோவதைக் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த ஏற்பாடு பிள்ளைகளைக் காக்கிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால், ஒரே கட்டடத்தில் தங்கியிருக்கும் அத்தனை பேரும் ஊருக்குப் புதியவர்கள் என்கிற நிலையும் இதனாலேயே ஏற்படுகிறது. எந்தப் பேருந்து புதிய பேருந்து நிலையத்துக்குப் போகும், எந்தக் குழாயில் குடிநீர் வரும், உள்மதிப்பீட்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் பக்கத்து அறையில் கேட்டால், அங்கிருப்பவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் வழிசொல்ல முன்வந்தவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதல் நன்றி எங்கள் மேட்ரன் அம்மாவுக்கு. விடுதியில் சேரும் நாளன்று அலுவலகப் படிவத்தில் முகவரி, இரத்த வகை, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதி வாங்குகிறோம். மேட்ரன் அம்மா அதற்கு அப்பால், தமக்கென்று ஒரு கோடு போட்ட நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் அரைப்பக்கம். தறிக்குப் போகும் அப்பா எத்தனை மணிக்கு மேல் பேசுவார், காட்டு வேலைக்குப் போகும் அம்மாவிடம் கைப்பேசி இல்லையென்றால் பக்கத்து வீட்டு எண் என்ன, யாருக்கு முட்டை சேராது, யாருக்கு வீசிங் உண்டு, அவளுடைய இன்ஹேலர் எந்தத் தட்டில் இருக்கும் என்பன எல்லாம் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. இரவு வருகைப்பதிவு முடிந்ததும் அந்த நோட்டோடு அறை அறையாகப் போவார். வீட்டு நினைப்பில் அழும் பிள்ளையிடம் அறிவுரை எதுவும் சொல்ல மாட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்து பாரு கண்ணு, அதுக்கப்புறமும் போகணும்னா நானே பஸ் ஏத்தி விடுறேன்” என்பார். சொன்னபடி ஏற்றியும் விட்டிருக்கிறார். அப்படிப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு முறுக்கு டப்பாவோடு திரும்பி வந்து, முதல் பங்கை அவருக்கே கொடுத்தார்கள். கண்காணிப்புக் கேமராக்கள் விடுதிக்குத் தேவைதான். ஆனால், புதிய பிள்ளை ஒருத்தி சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்பதை இந்த ஆண்டு ஒவ்வொரு முறையும் முதலில் அறிந்தவர் மேட்ரன் அம்மாதான்.

அறை ஒதுக்கீட்டில் எங்களுக்குத் துணை நின்ற பெற்றோர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாவட்ட வாரியாகவோ துறை வாரியாகவோ அறை ஒதுக்குவது நிர்வாகத்துக்கு எளிது. பெற்றோரில் பலரும் அதையே கேட்டார்கள். நாங்கள் கலந்தே ஒதுக்கினோம். ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பெண்ணும், எடப்பாடி நெசவாளர் வீட்டுப் பெண்ணும், ஏற்காட்டுக்கு மேலே ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர் வாழும் சிற்றூரிலிருந்து வந்த பெண்ணும், ராமநாதபுரக் கடலோரத்துப் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள். இதைப் பற்றி முதல் பெற்றோர் கூட்டத்தில் வருத்தக் குரல்கள் எழுந்தபோது, ராமநாதபுரத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்த ஒரு தந்தை எழுந்து, “எங்க ஊர்ப் பிள்ளைகளோட மட்டும் பழகினால் போதும்னா நான் எங்க ஊர்லயே சேர்த்திருப்பேனே” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அதன் பிறகு கூட்டம் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ஐயா, தங்களுக்கு எங்கள் நன்றி.

சமையல் மாஸ்டருக்கும் அவருடன் பணிபுரியும் பெண்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். செப்டம்பரில் விடுதி நிரம்பியபோது, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளும் மலையிலிருந்து வந்த பிள்ளைகளும் காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுவதை மாஸ்டர் கவனித்திருக்கிறார். காரணம் கேட்டபோது, வீட்டில் களி சாப்பிட்டுப் பழகியவர்கள் என்று தெரிந்தது. யாரும் மனு கொடுக்காமலேயே, அடுத்த வாரம் ஒரு நாள் மதியம் தனி அடுப்பில் ராகிக் களி கிண்டி, கீரைக் குழம்போடு ஓர் ஓரத்தில் வைத்தார். களி கிண்டுவது எளிய வேலையன்று. கட்டி தட்டாமல் துடுப்பால் இடைவிடாமல் கிளறி, ஈரக் கையால் உருண்டை பிடிக்க வேண்டும். கேட்டவர்களுக்கு மட்டும் என்று அளந்து செய்தது அன்று கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது, ஏனெனில் சென்னைப் பிள்ளைகளும் தட்டை நீட்டினார்கள். அதன் பின் வாரந்தோறும் களி உண்டு. ஞாயிறு ஜவ்வரிசிப் பாயசத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் உணவகம் டிவைடிங் சிஸ்டத்தில் நடக்கிறது. அரிசி, மளிகை, காய்கறி, பால், எரிவாயு, பணியாளர் ஊதியம் ஆகியவற்றின் மாதச் செலவைக் கூட்டி, அத்தனை பேரும் உணவு உண்ட நாள்களின் மொத்தத்தால் வகுத்து, ஒரு நாள் கட்டணம் கணக்கிடப்படும். அதை அவரவர் உண்ட நாள்களால் பெருக்கினால் அவரவர் மெஸ் பில். வீணாகும் ஒவ்வொரு கரண்டிச் சோறும் எல்லோருடைய பில்லிலும் ஏறும் என்பதால், இம்முறை ஓடுவதற்கு நாணயமான ஆட்கள் வேண்டும். முறைவைத்துப் பணியாற்றிய மெஸ் ரெப் (உணவகப் பிரதிநிதி) மாணவியர் விடியற்காலையில் மாஸ்டருடன் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி, மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பதினெட்டு வயதில் தன் வயதுடையவர்கள் முன்னால் நின்று கணக்குச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு அவர்களிடம் இருந்தது. மாதக் கடைசியில் கல்லூரியிலிருந்து தொகை வரத் தாமதமானாலும் மூட்டையை நிறுத்தாமல் அனுப்பிய லீ பஜார் மளிகை வணிகருக்கும் நன்றி உரியது.

மூத்த மாணவியரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். விதிப்படி அவர்கள் எங்கள் விடுதிக்குள் வருவதில்லை. ஆகவே நூலக வாசிப்புக் கூடத்தில், ஓர் ஆசிரியர் உடனிருக்க, மாலை வேளைகளில் முதலாமாண்டுப் பிள்ளைகளைச் சந்திக்க அனுமதி கேட்டு அவர்களாகவே எழுதிக் கொடுத்தார்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குக் கணிதமும் கிராபிக்ஸ் எனும் பொறியியல் வரைபடப் பாடமும் முதல் பருவத்தில் பெரும் சுமை. தேர்வில் தவறி அரியர் விழுந்துவிடுமோ என்ற அச்சம் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எவ்வாறு இருக்கும் என்பது கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தும் விளங்காமல் இருந்த ஒரு மாலையில், மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவி ஒருத்தி மெஸ்ஸிலிருந்து நல்ல பருத்த கேரட்டுகளை வாங்கி வந்து, நுனியைக் கூம்பாகச் சீவி, ஒன்றைக் குறுக்கே வெட்டி வட்டத்தையும், இன்னொன்றைச் சாய்த்து வெட்டி நீள்வட்டத்தையும் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் அந்தத் துண்டுகளைத் தாளில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்துகொண்டார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் பணத்தோடு தொடர்புடையது. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது. இவை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பலர் இங்கு வந்தே இருக்க முடியாது. ஆயினும், டிராஃப்டர் எனும் வரைகருவி, வரைபலகை, ஆய்வகக் கோட்டு, சயின்டிஃபிக் கால்குலேட்டர் என்று முதல் மாதத்திலேயே வரிசையாக வரும் செலவு, கூலி வேலை செய்யும் வீட்டுக்கு எளிதல்ல. இவற்றில் டிராஃப்டரும் வரைபலகையும் முதலாண்டுக்குப் பிறகு பெரும்பாலும் பரண் மேல்தான் கிடக்கின்றன. மூத்த மாணவியர் தங்களிடம் இருந்தவற்றைத் திரட்டி, கோட்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, டிராஃப்டர்களின் திருகைச் சரிசெய்து, நூலக அலமாரியில் வைத்தார்கள். யார் எடுத்தார்கள் என்று எழுதி வைக்கும் ஏடு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார்கள். வாங்குகிறவளின் கூச்சத்தை நினைத்து அவர்கள் அப்படி முடிவெடுத்தது பொருளைக் கொடுத்ததைவிடப் பெரிது என்று நான் கருதுகிறேன்.

டிசம்பர் மாதத் தொடக்கத்தை எங்களில் எவரும் மறக்க இயலாது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னும் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அரூர்ப் பக்கமும் வெள்ளம். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேலத்திலேயே திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. விடுதியில் மின்சாரம் போனது மட்டுமன்றி, அப்பகுதிப் பிள்ளைகளால் வீட்டைத் தொடர்புகொள்ளவும் முடியவில்லை. மணிக்கணக்கில் ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கைகள் இன்னும் என் கண் முன் நிற்கின்றன. அப்போது எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை, அரசுப் பேருந்து நடத்துநர், ஊர், தெரு, தந்தை பெயர் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னார். அதைத் தம் உடன் பணிபுரிவோர் வழியாகவும், அவர்களுக்குத் தெரிந்த கடைக்காரர்கள் வழியாகவும் அந்தந்தப் பகுதிக்குச் சேர்த்தார். மறுநாள் பிற்பகலிலிருந்து பதில்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். ஆடுகள் போய்விட்டன, ஆளுக்கு ஒன்றுமில்லை. பாட்டியை மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேட்ரன் அம்மா வராந்தாவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சொன்னார். பட்டியலில் கடைசிப் பெயருக்குப் பதில் வரும்வரை அந்த நடத்துநர் ஓயவில்லை.

அந்த நாள்களில் எங்கள் சமையற்கூடப் பெண்களில் இருவருடைய வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அவர்கள் பாத்திரம் பண்டங்களை மேலே ஏற்றி வைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கே வந்து சமைத்தார்கள். இருவரும் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. சேலை ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்துப் பிள்ளைகள்தாம் கேட்டு அறிந்தார்கள். அதன் பின், கேட்காமலே, மாலையில் ஒரு குழுவாக அனுமதி பெற்றுப் போய் அந்த வீடுகளைக் கழுவிவிட்டு வந்தார்கள். அன்று கூட்டத்தில் யார் எந்த மாவட்டம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் காலத்தில் நள்ளிரவில் அழைத்தாலும் வந்து, வாடகையை மாதக் கடைசியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கும், அரசு மருத்துவமனையின் இரவுப் பணிச் செவிலியருக்கும் நன்றி. கழிப்பறைகளையும் நாப்கின் எரிப்பானையும் முகம் சுளிக்காமல் பராமரித்த துப்புரவுப் பணியாளர் அக்காக்களுக்கும், கோடையில் மேட்டூர்த் தண்ணீர் குறைந்த வாரங்களில் விடியுமுன் லாரி அனுப்பியவருக்கும், வாயிலில் இரவுப் பணி பார்த்த தாத்தாவுக்கும், தேர்வுக் காலத்தில் தட்டுவடை செட் என்னும் சேலத்துத் தின்பண்டத்தைப் பாதி விலைக்குக் கொடுத்த எதிர்க்கடை அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இரண்டு பலாப்பழங்களைச் சுமந்து இறக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தாமே அரிந்து, அத்தனை அறைகளுக்கும் சுளை பங்கிட்ட அந்தத் தந்தைக்கும் தனி வணக்கம்.

பிள்ளைகளே, இந்த ஆண்டு நீங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டவற்றில் பாதிகூட எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக்கும் நன்றி. ஊருக்குப் புறப்படுமுன் டிராஃப்டர், வரைபலகை, ஆய்வகக் கோட்டு ஆகியவற்றில் உங்களுக்கு இனித் தேவைப்படாதவற்றை நூலக அலமாரியில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். கோட்டுகளைத் துவைத்துக் கொடுத்தால் போதும். இஸ்திரி போட்டு வைக்க மேட்ரன் அம்மா ஏற்பாடு செய்திருக்கிறார். சாவி, வழக்கம்போல், பூட்டிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உதவிக் காப்பாளர்,
முதலாமாண்டு மாணவியர் விடுதி, சேலம்.