கருச்சிதைவுக்கு ஸ்டெம் செல் ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கரு கலைந்தாலே தாயின் நோய் எதிர்ப்பாற்றல் மீது பழி போட்டு, ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சையைத் தேடுவது அவசரப்பட்ட முடிவு. தந்தையின் மரபணுவைப் பாதி சுமக்கும் கருவைத் தாயுடல் ஏன் விரட்டுவதில்லை என்று நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் பீட்டர் மெடவார் 1953-லேயே கேட்டார். பிளசென்டா எனும் நஞ்சுக்கொடியின் வெளிச் செல்கள், அந்நியச் செல் என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளப் புரதங்களைக் குறைத்து, தாக்குதலைத் தணிக்கும் எச்எல்ஏ-ஜி புரதத்தைக் காட்டுகின்றன. எதிர்ப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்காற்று டி செல்களும் (ஒரு வகை வெள்ளணு) தாக்குதலை அடக்குகின்றன. கருப்பையின் என்கே (நேச்சுரல் கில்லர்) எனும் எதிர்ப்பாற்றல் செல்கள் பெயரில்தான் கொலையாளி. கருவுக்கு ரத்தம் போகும் குழாய்கள் அகல உதவுபவை அவைதான். கையில் எடுத்த ரத்தத்தில் என்கே செல்களை எண்ணினால் கருப்பையின் நிலை தெரியாது.

முதல் மூன்று மாதச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) கோளாறு. அதை எந்த ஊசியும் திருத்தாது. உறுதியான சிகிச்சை உள்ள எதிர்ப்பாற்றல் காரணம், ரத்தம் உறைவதைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் உருவாகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். அதை ரத்தச் சோதனையில் கண்டறியலாம். தொற்றுக்குப் பிறகும் இந்தச் சோதனை தற்காலிகமாக பாசிட்டிவ் காட்டலாம் என்பதால், 12 வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் (பலர் தவறவிடுவது இதைத்தான்). உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினும் சிகிச்சை. மீசன்கைமல் (எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களில் இருந்து எடுக்கும்) ஸ்டெம் செல்கள் எலிகளில் கரு இழப்பைக் குறைத்தன. பெண்களுக்கு அவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.