குவளையில் முகத்தின் நிறம் மாற வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தமிழ்மொழி விழா, சமூக மன்ற நிகழ்ச்சிகள், திருமணங்கள், பணி ஓய்வு விருந்துகள் என நம்மிடையே நடைபெறும் பலவற்றிலும் படம் அச்சிட்ட குவளை வழக்கமான நினைவுப்பரிசாகிவிட்டது. கைப்பேசித் திரையில் பார்த்த நிறம் குவளையில் வரவில்லை என்ற குறையும் கூடவே கேட்கிறது. மாநிற முகம் செங்கல் நிறமாகவோ சாம்பல் பூத்தோ வருகிறது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு கறுத்துப்போகிறது. அச்சிட்டுக் கொடுப்பவர்களைக் கேட்டால், “சப்ளிமேஷன் என்றால் அப்படித்தான் வரும்” என்று சொல்லிவிடுகிறார்கள். இத்தொழிலில் நெடுநாள் ஈடுபட்டிருக்கும் என்னால் அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. எந்த நிறம் வரும், எது வராது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

சப்ளிமேஷன் என்பது, படத்தை முதலில் அதற்கான மையால் தாளில் அச்சிட்டு, பிறகு வெப்பத்தால் குவளைக்கு மாற்றும் முறை. இந்த மை தாளில் அச்சாகும்போது மங்கலாகத்தான் தெரியும். ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சாயம் நேரடியாக ஆவியாகி, குவளையின் மேலுள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்து தங்கிய பிறகே அதன் உண்மையான நிறம் வெளிப்படுகிறது. ஆகவே, தாளைப் பார்த்து நிறத்தைத் திருத்துவதில் பயனில்லை.

பெரும்பாலான தவறுகள் கணினியில்தான் தொடங்குகின்றன. ஒரே படத்தை இரண்டு அச்சுப்பொறிகளுக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வரும். இந்த வேறுபாட்டைச் சீர்செய்வதற்காகவே, 1993ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அனைத்துலக வண்ணக் கூட்டமைப்பு (ஐசிசி) ஐசிசி புரொஃபைல் என்னும் கோப்பு முறையை வகுத்தது. குறிப்பிட்ட அச்சுப்பொறி, மை, தாள், பூச்சு ஆகியவை சேர்ந்து ஒவ்வொரு நிறத்தையும் எப்படி வெளிப்படுத்தும் என்பதை அந்தக் கோப்பு சொல்கிறது. இவற்றுள் ஒன்றை மாற்றினாலும் பழைய கோப்பு முழுமையாகப் பொருந்தாது. மலிவாகக் கிடைத்ததே என்று வேறு மை வாங்கி ஊற்றிவிட்டு, முந்தைய புரொஃபைலையே வைத்திருப்பவர்கள் நிறம் தவறுவதற்குக் குவளையைக் குறைசொல்லக்கூடாது. குவளையின் வளைந்த பரப்பில் நிறத்தை அளப்பது கடினம் என்பதால், ஒத்த பூச்சுள்ள தட்டையான ஓட்டிலோ அலுமினியத் தகட்டிலோ மாதிரிக் கட்டங்களை அச்சிட்டு அளந்து புரொஃபைல் தயாரிப்பது வழக்கம். அதன் பிறகும் ஒருமுறை குவளையில் ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். போட்டோஷாப்பில் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தவர்கள், அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளான டிரைவரில் உள்ள நிறத் திருத்தத்தை அணைக்க மறந்துவிடுவதும் உண்டு. அப்போது ஒரே திருத்தம் இருமுறை நிகழ்ந்து முகங்கள் சிவந்துபோகின்றன. நிறத்தை ஆளும் பொறுப்பு இவ்விரண்டில் ஒன்றிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். பீங்கான் மெதுவாகத்தான் சூடேறும். குவளையை அழுத்திச் சூடாக்கும் கருவியான ஹீட் பிரஸ்ஸின் திரை 190 என்று காட்டினாலும் குவளையின் பரப்பு அந்த வெப்பத்தை அடைந்திருக்கும் என்று கொள்ள முடியாது. நேரமோ அழுத்தமோ குறைந்தால் நிறம் வெளிறுகிறது, குறிப்பாகக் கைப்பிடியின் அருகிலும் விளிம்புகளிலும். அளவுக்கு மீறினால் கறுப்பு பழுப்பாகி, கோடுகள் கலங்குகின்றன. சிங்கப்பூரில் இதனுடன் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும் ஊரில், திறந்து வைத்த தாள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அது பிரஸ்ஸுக்குள் நீராவியாக வெளியேறும்போது மை கசிந்து திட்டுத்திட்டாகப் படிகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தபடி சிறுதொழில் செய்பவர்கள் தாளைக் காற்றுப்புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே வராத நிறங்களும் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. திரை ஒளியால் காட்டும் பளீரென்ற பச்சையையும் நீலத்தையும் மை அப்படியே தராது. மயில் கழுத்துப் பட்டு, பாவும் ஊடையும் வெவ்வேறு நிற இழைகளாக இருப்பதால் பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறுவது. அந்த மாற்றம் எந்த அச்சிலும் வராது. வழக்கமான சப்ளிமேஷனில் வெள்ளை மையும் கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது குவளையின் வெள்ளையே என்பதால், சற்று மஞ்சளேறிய குவளையில் பல்லும் வேட்டியும் மஞ்சளாகத்தான் தெரியும். இவற்றை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்வதுதான் நேர்மை.

ஆனால் மாநிறமும் கருநிறமும் அந்த வராத நிறங்களைச் சேர்ந்தவை அல்ல. பழுப்பின் எல்லாச் சாயல்களும் பெரும்பாலும் இந்த மைகளின் எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன. கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, “இப்போது எடுப்பாக இருக்கிறது” என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. பாட்டியின் நினைவாகக் குவளை செய்யக் கொடுப்பவர் பாட்டியின் முகத்தைத்தான் கேட்கிறார். வேறொருவர் முகத்தை அன்று.

மொத்தமாகக் குவளைகள் வாங்கும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு முந்தைய வாரத்தில் படத்தை அனுப்பாமல், ஒரு மாதிரிக் குவளை செய்து பார்க்கும் அளவுக்கு அவகாசம் கொடுங்கள். அதற்குரிய கட்டணத்தையும் ஒதுக்குங்கள். மண்டபத்தின் மஞ்சள் விளக்கொளியைத் தவிர்த்து, பகலில் சன்னல் அருகே வைத்து அதைப் பாருங்கள். ஒப்புதல் அளித்த குவளையைக் கடைக்காரரிடமே விட்டுவைத்தால், மீதியை அவர் அதனுடன் ஒப்பிட்டு அச்சிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ்