முதல் படம் எடுக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். புறநகரில் வளர்ந்த நான்கு இளைஞர்கள், ஒரு கிடங்குக் கொள்ளை, நால்வருக்குள் ஒரு துரோகம். முதல் முறை பக்கங்கள் ஓடியதே தெரியவில்லை. இரண்டாம் முறைதான் உறுத்தியது. நால்வரும் தொழிலாளிகள் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் ஒருவன்கூட வேலை செய்து நான் பார்க்கவில்லை. மூன்றாம் பக்கத்திலேயே துப்பாக்கி வந்துவிடுகிறது.

இத்தாலிய இயக்குநர் பசோலினியின் முதல் படம், 1961இல் வந்த ‘அக்கட்டோனே’, நினைவிருக்கிறதா? ரோம் நகர விளிம்பில் பெண்களின் சம்பாத்தியத்தில் காலம் தள்ளுகிற இளைஞன், ஒருத்தி மேல் வைத்த அன்பினால் திருந்த நினைத்து ஒரே ஒரு நாள் இரும்பு சுமக்கப் போகிறான். உடம்பு நொறுங்கித் திரும்புகிறான். அதன் பிறகுதான் திருடக் கிளம்புகிறான். அந்த ஒரு நாளை மட்டும் வெட்டியிருந்தால், அவன் திருடுவது வெறும் குணக்கேடாகத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகளாகப் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் சொல்கிறேன்: வேகம் வேண்டும் என்று நாங்கள் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட நாட்களைத்தான். என்னையும் வெட்ட விடாதே.

இன்னொன்று, தூரம். உன் பையன்கள் நினைத்தவுடன் நகரத்தில் நிற்கிறார்கள். எப்படிப் போனார்கள், எப்படித் திரும்புவார்கள்? பிரெஞ்சு இயக்குநர் கசோவிட்ஸின் ‘லா ஹேன்’ (1995) படத்தில் மூன்று புறநகர் நண்பர்கள் பாரிசிலிருந்து வீடு திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிடுகிறார்கள். விடியும்வரை போக்கிடம் இல்லை. தங்களுக்கு இடம் கொடுக்காத ஊரில் அந்த இரவு முழுக்க அலைகிறார்கள். ஒரு ரயில் நேரம் கதையை எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது, பார்! படப்பிடிப்புக்கு முன்பே அந்தக் குழுவினர் கதை நடக்கும் குடியிருப்பிலேயே போய்த் தங்கினார்கள். கையில் காசு குறைவு என்று கவலைப்படுகிறாய். வாடகைக்கு எடுக்கும் கேமராவை ஒரு படி குறைத்துக்கொள். அந்த இடத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கு.

41ஆம் பக்கத்தில் நீயே கவனிக்காமல் ஒரு நல்ல காட்சியை எழுதி வைத்திருக்கிறாய். இரவு வேலை முடிந்து இளையவன் வருகிறான். அம்மா விழித்துவிடக் கூடாது என்று விளக்கைப் போடாமல், மரத்தூளும் சோப்புத்தூளும் சேர்த்து விரல் இடுக்கில் ஒட்டிய கிரீஸைத் தேய்க்கிறான். போகவில்லை. அதே கையோடு சோற்றுத் தட்டை எடுக்கிறான். இரண்டே வரியில் முடித்துவிட்டாய். படித்த எனக்குத் தொண்டை அடைத்தது. இவன்தான் பிறகு கிடங்கின் பூட்டை உடைக்கப் போகிறான். அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

துப்பாக்கியைத் தள்ளி வை. மூன்றாம் பக்கத்துக்கு இந்தக் கையைக் கொண்டுவா. அடுத்த வரைவை அனுப்பு, அன்றிரவே படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா