கோபன்ஹேகனில் இருக்கும் தம்பிக்கு

தரங்கம்பாடி,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று சொல். அந்த ஊரில் மாசி மாதம்கூட வெளிச்சம் போதாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். வைட்டமின் டி மாத்திரையை விட்டுவிடாதே. சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் போட்டுக்கொள். காலையில் வெறும் காப்பியோடு கிளம்பாதே.

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நம் ஊர் டேனிஷ் கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். "டீச்சர், நீங்க வந்து பேசினா நல்லா இருக்கும்" என்று என்னையும் கூப்பிட்டார்கள். கோட்டையில் ஆரம்பித்த நான் கடைசிவரை உன் ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "என் பிள்ளை அங்கேதான் இருக்கான்" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பெருமைதான், வேறென்ன. ஒரு பெண் எழுந்து, "அந்த ஊர் எவ்வளவு பழசு டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும், படி.

1167இல் அப்சலோன் என்ற பிஷப் உன் ஊரில் ஒரு சின்னத் தீவில் கோட்டை கட்டினார். நகரத்தின் கணக்கை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அதற்கு முன்பே அங்கே மீன் பிடிக்கிற ஜனங்கள் இருந்தார்கள். ஓரசுண்ட் நீரிணையில் ஹெர்ரிங் மீன் அப்படிக் குவியுமாம். உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து விற்றார்கள். நோன்பு நாளில் கறி தின்னாத ஐரோப்பா முழுக்க அந்த மீனை வாங்கியது. காசு சேர்ந்த இடத்துக்கு எதிரியும் வந்து சேர்ந்தான். லூபெக் முதலான ஜெர்மன் வணிக நகரங்கள் படையெடுத்து, 1369இல் அந்தக் கோட்டையைக் கல் கல்லாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் போயின. மிச்சமிருக்கிற அடிச்சுவர் இன்றைக்கும் பாராளுமன்றக் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் போன முதல் வருஷம், அந்தச் சுவர் பக்கத்தில் கௌசி நிற்கிற போட்டோ ஒன்று அனுப்பினாயே. ஹாலில் அதைத்தான் மாட்டியிருக்கிறோம். அவளிடம் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியான் ராஜாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நிறையச் சொன்னேன். அவரில்லாமல் நம் கோட்டை இல்லை. 1616இல் அவர் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். ஓவே கெட்டே என்ற இளைஞர் 1618இல் கப்பல்களோடு கிளம்பினார். வழியில் எத்தனையோ பேர் செத்துப்போய், இலங்கையில் காரியம் கூடாமல், 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் அந்த ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் உன் ஊர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நானூறு வருஷமாக! ஒரு தடவை அங்கே போய் விசாரித்துப் பார் என்று நான் சொல்லாத நாளில்லை. நீ போகவே இல்லை. இவ்வளவு தூரம் போய், நம் ஊரிலிருந்து போன ஒரு பொருளைப் பார்க்க உனக்கு நேரமில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வேதம் சொல்ல வந்த பாதிரியார் சீகன்பால்கு ஐயரையும் சொன்னேன். 1705 நவம்பரில் உன் ஊரில் கப்பல் ஏறியவர் அடுத்த ஜூலையில் இங்கே கரை இறங்கினார். அவர் எழுதுகிற கடிதம் போய்ச் சேரவே பல மாதம் ஆகும், பதில் வர அதற்கு மேலும் ஆகும். அப்படியும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கோட்டைத் தலைவர் அவரைப் பிடித்து உள்ளே போட்டார். நோய், பணக்கஷ்டம், கூட வந்தவர்களோடு சண்டை என்று என்னவெல்லாமோ பட்டார். எல்லாவற்றையும் எழுதினார். நல்ல சேதி வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்துவிடவில்லை.

அந்த ஊர் பட்டதும் கொஞ்சமில்லை. 1711இல் பிளேக் வந்து மூன்றில் ஒரு பங்கு ஜனம் போய்விட்டது. பதினேழு வருஷம் கழித்து, 1728 அக்டோபரில், தீ. மூன்று நாள் எரிந்து, நகரத்தில் கால் பங்குக்கு மேல் அழிந்தது. வட்டக் கோபுரத்தை ஒட்டிய தேவாலயத்தின் மாடியில்தான் பல்கலைக்கழக நூலகம் இருந்தது. முழுக்கச் சாம்பல். படியே இல்லாத அந்தச் சரிவுப் பாதையில் நீ ஏறியிருக்கிறாய், உச்சியிலிருந்து எனக்குக் காற்றுச் சத்தத்தைக் கேட்கவைத்தாய்.

அந்தத் தீயில் எனக்கு மறக்காத ஒருவர் உண்டு, ஆர்னி மக்னூசன். ஐஸ்லாந்துக்காரர், அங்கே பேராசிரியர். தன் நாட்டில் ஊர் ஊராக அலைந்து பழைய தோல் சுவடிகளைச் சேர்த்தவர். செருப்புக்கும் சட்டைக்கும் வெட்டியிருந்த ஏட்டைக்கூட விடாமல் வாங்கி வந்திருக்கிறார். தீ ஊரின் மேற்குப் பக்கம் பிடித்தது. தன் தெருவுக்கு அது வராது என்று அவர் நம்பியிருந்தார் என்கிறார்கள். வண்டி வைத்து ஏற்ற ஆரம்பிக்கும்போது நேரம் போய்விட்டது. முக்கியமான சுவடிகளில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார். அச்சுப் புத்தகங்களும், வருஷக்கணக்காக எழுதி வைத்த குறிப்புகளும் போயின. அடுத்த ஒன்றேகால் வருஷத்தில் ஆளும் போய்விட்டார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. எவ்வளவு படித்தவர், எவ்வளவு சாமர்த்தியசாலி. முதல் நாளே பக்கத்தில் யாரிடமாவது "எனக்கு ஒரு கை கொடுங்கள்" என்று கேட்டிருக்கலாமே. கேட்டால் யார் மாட்டேன் என்றிருப்பார்கள்?

பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வயசாகிறது என்று நினைத்திருப்பார்கள்.

1795இல் மறுபடியும் தீ. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் தெருமுனையில் மூலையைச் செதுக்கிவிட்டார்கள். தீயணைக்கிற நீள ஏணி வண்டி திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக. பழைய நகரத்தில் நடக்கும்போது முனைவீடுகளைப் பார், சதுர மூலையே இருக்காது. பட்டதை நினைவில் வைத்து வீட்டையே மாற்றிக் கட்டினார்கள் பார், அதுதான் எனக்கு அந்த ஜனங்களிடம் பிடித்தது. 1807 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் டேனிஷ் கப்பற்படையைப் பிடுங்கிக்கொள்வதற்காக ஊர் மேலேயே குண்டு போட்டார்கள். பெரிய தேவாலயத்தின் கூம்பு எரிந்து விழுந்தது. அடுத்த வருஷம் நம் தரங்கம்பாடியையும் எடுத்துக்கொண்டார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1845இல் டேனிஷ்காரர்களே நம்மையும் வங்காளத்துச் சேரம்பூரையும் ஆங்கிலேயர்களுக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். ஒரு பையன், "நம்ம ஊரை யாரைக் கேட்டு வித்தாங்க?" என்றான். நல்ல கேள்வி. யாரையும் கேட்கவில்லை என்றுதான் சொன்னேன்.

அப்புறம் உன் ஊரில் 1853இல் காலரா. கோட்டைச் சுவருக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் நெருக்கியடித்து இருந்தது. சாக்கடை சரியில்லை, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது. சில மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மதில் வாசல்களை இடித்து, ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு கட்டினார்கள். நோரேப்ரோ பகுதி பெருகியது அப்படித்தான். நீங்கள் இருக்கிற தெருவும் அந்தக் காலத்துத் தெருதான் என்று நினைக்கிறேன்.

இருக்கிற தெருவா, இருந்த தெருவா? வடகமும் பருப்புப் பொடியும் போட்டுப் பொங்கலுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று ஒட்டியிருந்தது. உன் அப்பா பார்க்கவில்லை, நான்தான் வாங்கி வைத்தேன். சரி, பெயர்ப்பலகை மாறியிருக்கும், தபால்காரர் புதுசாக இருப்பார். வீடியோவில் உன் பின்னால் தெரிகிற சுவரும் வேறாக இருக்கிறது. ஜன்னலில் திரைகூட இல்லை. குளிர் உள்ளே வராதா? திரை வாங்கிப் போடு. கம்பளிப் போர்வை இருக்கிறதா? மாத்திரையை விடாதே.

2024 ஏப்ரலில் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் எரிந்தது நினைவிருக்கிறதா? நான்காம் கிறிஸ்தியான் கட்டியது. நாலு டிராகன் வாலைப் பின்னிய அந்தக் கோபுரம் எரிந்து விழுந்தபோது நீ தெருவிலிருந்தே என்னைக் கூப்பிட்டாய். உன் குரல் நடுங்கியது. உள்ளே வேலை செய்தவர்களும் வழியில் போனவர்களும் பெரிய பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். உன் ஊர்க் கட்டடம் எரிந்தால்கூட உடனே என்னைக் கூப்பிட்ட பிள்ளை நீ.

1943இல் ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த ஊர் ஜனங்கள் தெரியாதவர்களைக்கூட வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி என்று படுக்கவைத்தார்கள். மீன்பிடிப் படகில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர் பிழைத்தது. அப்படிப்பட்ட ஊரில் உனக்குப் பக்கத்தில் யாராவது இருக்கத்தானே வேண்டும்? ஆபீசில், மாடிவீட்டில், தமிழ்ச் சங்கத்தில்? ஒருவரிடமாவது வாய்விட்டுப் பேசு. வேளைக்குச் சாப்பிடு.

நீ உன் அப்பாவின் பிள்ளை, எனக்குத் தெரியும். அலை வந்த பிறகு அவர் எத்தனை மாதம் வாயைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நீ பார்த்தாய். அப்போது அவருக்குச் சோறு கொண்டுபோய் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது நீதான். நாங்கள் எல்லோரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். நீ ஒன்றும் கேட்கவில்லை. அவர் முதலில் பேசியது உன்னிடம்தான். நானும் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. வேலை விஷயமோ, வீட்டு விஷயமோ, எதுவானாலும் யாரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. கௌசி எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும். அவளையும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். பென்ஷன் பணத்தில் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் கிளம்பலாம், அங்கே அப்போது குளிர் குறைந்திருக்கும் இல்லையா? விசாவுக்கு நீ ஓர் அழைப்பு அனுப்ப வேண்டுமாம், அதில் நீ இப்போது இருக்கிற முகவரி இருக்க வேண்டும். அதை உடனே அனுப்பு. ஒரே அறையாக இருந்தாலும் பரவாயில்லை, நான் கீழே படுத்துக்கொள்வேன். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா, இல்லை முதலில் நான் மட்டும் வரட்டுமா, அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா