அப்புச்சி வழி, அப்பாரு வழி

காங்கயம்

அன்புள்ள துரைசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சள் விலை, முழங்கால் வலி எல்லாம் படித்தேன். ஆனால் கடைசி நான்கு வரியில் எழுதியிருந்தாயே, மகன் வீட்டுப் பேத்தியை மகள் வீட்டுப் பேரனுக்கே கட்டிவைக்கும் யோசனை, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. அதற்கு முன்னால் என் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றையொன்று தொட்டதுதான்.

மகளின் மூத்த பையன் படத்தில் இலைக்கெல்லாம் பழுப்பு நிறம் தீட்டுகிறான் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். இஷிஹாரா என்ற ஜப்பான் டாக்டர் 1917இல் வெளியிட்ட முறை அது. பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை. அட்டையை என் பக்கம் திருப்பினார். எனக்கும் எண் புலப்படவில்லை. மிளகாய்க் காட்டில் பழத்தோடு காயையும் பறித்துப்போட்டு நான் அம்மாவிடம் வாங்கின திட்டு உனக்கு நினைவிருக்கும்.

இந்தக் குறைக்கான மரபணு, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாய் கொடுப்பது; இன்னொன்று அப்பன் கொடுக்கும் ஒய் குரோமோசோம். என் எக்ஸ் மகளுக்குப் போயே தீரும். மகனுக்கு நான் கொடுத்தது ஒய். அதனால் மகனுக்கோ அவன் பிள்ளைகளுக்கோ என்னிடமிருந்து இது போகாது. மகளுக்கு அவள் அம்மா கொடுத்த இன்னொரு எக்ஸ் சரியாக இருப்பதால் அவள் பார்வையில் குறையில்லை. ஆனால் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்தது, சின்னவன் எல்லா எண்ணையும் கடகடவென்று படித்துவிட்டான். அம்மாவைப் பெற்ற அப்புச்சியிடமிருந்து பேரனுக்கு, நடுவில் அம்மாவிடம் வெளியே தெரியாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஜான் டால்டன் என்ற விஞ்ஞானி தனக்கும் தன் அண்ணனுக்கும் இதே குறை இருப்பதை 1794லேயே விவரித்தார். அவர் சொன்னபடி இறந்தபின் கண்ணை எடுத்துச் சோதித்தார்கள். மிஞ்சியிருந்த துண்டிலிருந்து 1995இல் மரபணுவையும் பார்த்து உறுதிசெய்தார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். "கூட்டம் வேற வேற, அதனால் தடையில்லை" என்று எழுதியிருக்கிறாய். கூட்டம் என்கிற குலம் அப்பன் வழியில் மட்டும் போவது. மகளைக் கட்டிக்கொடுத்ததும் அவள் பிள்ளைகள் வேறு கூட்டமாகிவிடுகிறார்கள். மரபணு அப்படிப் பிரிந்துபோகாது. அப்பன் பாதி, அம்மா பாதி. ஆக அந்தப் பேரனும் பேத்தியும் உன்னிடமிருந்தும் உன் வீட்டம்மாவிடமிருந்தும் ஒரே சரக்கைச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக வைத்திருக்கிறார்கள்.

ரத்தசோகையைக் கொண்டுவரும் தலசீமியா போன்ற நோய்களின் மரபணு ஒற்றையாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அது யாரிடமும் இருக்கலாம், உன்னிடமும் என்னிடமும்கூட. உன்னிடம் அப்படி ஒன்று இருந்தால் அது பேரனுக்கு வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு, பேத்திக்கும் நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருந்து அவர்கள் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதுவே வந்து சேர நாலில் ஒன்று. மொத்தத்தில் 64இல் ஒன்று. சின்னக் கணக்குதான். ஆனால் இப்படி மறைந்து கிடப்பது ஒன்றோடு நிற்காது. ஒவ்வொருவரிடமும் சில இருக்கும். பொதுவாகவே 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீ கட்டியதும் மாமன் மகளைத்தான். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சுற்றினால் இது இன்னும் கூடும். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும் உண்டே, அங்கே பொதுவான பங்கு நாலில் ஒன்று.

அப்புறம், குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் ஊர் யாரைச் சொல்லும்? பெற்றவளைத்தான். இந்த மாதிரி நோய் இரண்டு பேரும் கொடுத்தால்தான் வரும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். என் மகளையே "உங்க பக்கத்துக் குறை" என்று ஒருத்தர் சொல்லி அழவைத்துவிட்டார். உன் பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது.

பசுக்களைச் சினையாக்க விடும் பூச்சிக்காளையை அதன் கன்றுகள் பருவத்துக்கு வருமுன் மாற்றிவிடுகிறவன் நீ. சொத்து வெளியே போகக்கூடாது என்று பேரன் பேத்தி விஷயத்தில் அதை விட்டுவிடாதே. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பிள்ளைகள் இருவரும் மனசார ஆசைப்பட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் முதலில் மரபணு ஆலோசனைக்குப் போகட்டும். தலசீமியாவுக்கு ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். கோவையில் இதற்கெல்லாம் வசதி உண்டு. கூட நானும் வருகிறேன்.

பேத்தியிடம் நீயே தனியாக உட்கார்ந்து கேள், மருமகளை விட்டுக் கேட்கச் சொல்லாதே. கல்யாணச் சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் வாய் திறக்கும் முன் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

உன்,
பழனியப்பன்