டோக்கியோவில் ஒரு வேளை: ராமென் ஏன் பேக்கேஜில் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் பயண அட்டவணையை அனுப்பியதிலிருந்து உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். எல்லா வேளைக்கும் சாப்பாடு போட்டுவிட்டு, டோக்கியோவில் ஓர் இரவு மட்டும் 'சாப்பாடு அவரவர் செலவில்' என்று இருக்கிறதே, ஏன்? காசை மிச்சம் பிடிக்கிறீர்களா என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். அப்படி இல்லை. அந்த இரவை ராமென் (சூடான சூப்பில் வரும் ஜப்பானிய நூடுல்ஸ்) கடைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அங்கே கூட்டமாகப் போக வழியில்லை என்பதால்தான் பேக்கேஜில் சேர்க்கவில்லை.

பெரும்பாலான ராமென் கடைகளில் ஒரு நீளமான கவுண்டரும் அதன் முன்னால் எட்டு, பத்து ஸ்டூல்களும்தான் இருக்கும். முன்பதிவு அனேகமாகக் கிடையாது. உள்ளே இருப்பவர் கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார், வெளியே வரிசையில் நிற்பவர் வந்து உட்காருவார். ஆயிரம் யென்னை ஒட்டி, நம் கணக்கில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு, ஒரு கிண்ணம் கிடைப்பது இந்த வேகத்தால்தான். அங்கே இருபது பேரோடு போய் நின்றால் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போங்கள். சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காவிட்டால் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பையை வைத்து இடம் பிடிக்கும் வழக்கமெல்லாம் வேண்டாம். பையை வைக்கக் கீழே ஒரு கூடையோ, மாட்டக் கவுண்டருக்கு அடியில் ஒரு கொக்கியோ இருக்கும்.

பலரைத் திணறடிப்பது வாசலில் நிற்கும் டிக்கெட் மெஷின். நம் ஊர் செல்ஃப் சர்வீஸ் ஓட்டலில் முதலில் டோக்கன் வாங்குகிற மாதிரிதான், வாங்குவது மனிதரிடம் இல்லை, அவ்வளவே. முதலில் பணத்தைப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் பட்டன்களில் விளக்கு எரியும். எல்லாம் ஜப்பானிய எழுத்தாக இருந்தால் மேல் வரிசையில் இடது ஓரத்தில் இருப்பதை அழுத்துங்கள், பொதுவாகக் கடையின் பேர் சொல்லும் ராமென் அங்கேதான் இருக்கும். கீழே உள்ள சின்னச் சின்னப் பட்டன்கள் கூடுதல் முட்டை, கூடுதல் நூடுல்ஸ், சோறு, பீர் போன்றவை. டிக்கெட் விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பல மெஷின்களில் மீதிச் சில்லறை தானாக வராது, பக்கத்தில் இருக்கும் சிறிய பிடியைத் திருகினால்தான் கொட்டும்.

பணம் பற்றி இன்னொன்று. பழைய மெஷின்கள் 1000 யென் தாளையும் நாணயத்தையும் மட்டுமே வாங்கும், 10,000 யென் தாளைத் திருப்பித் துப்பிவிடும். 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. கிதாசாதோ ஷிபாசாபுரோ என்ற மருத்துவ அறிஞரின் படம் போட்ட அந்தப் புது 1000 யென் தாளை ஏற்காத மெஷின்களும் சில கடைகளில் உண்டு. ஆகவே பகலிலேயே ஏதாவது கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீர் பாட்டில் வாங்கிப் பெரிய நோட்டை மாற்றி, 500, 100 யென் நாணயங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொடுதிரையில் ஆங்கிலமும், கார்டு வசதியும் கொண்ட புது மெஷின்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு போக வேண்டாம்.

டிக்கெட் எடுத்துவிட்டு வரிசையில் நிற்பதா, நின்றுவிட்டு டிக்கெட் எடுப்பதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். உட்கார்ந்து டிக்கெட்டை கவுண்டரில் வைத்ததும் ஏதாவது கேட்பார்கள். ஃபுகுவோகா நகரத்தின் ஹகாதா பாணிக் கடை என்றால் நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்பார்கள். யோகோஹாமா பாணிக் கடையில் விறைப்பு, உப்பு, எண்ணெய் என்று மூன்றையும் கேட்பதுண்டு. எதுவும் புரியாவிட்டால் 'ஃபுட்சூ' என்று சொல்லிவிடுங்கள், 'எப்போதும் போல' என்பதற்கு அதுதான் வார்த்தை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எங்களிடம் வரும் குழுவில் பாதிப்பேர் சைவம், மீதியிலும் பலர் பன்றியோ மாடோ தொடாதவர்கள். அதனால் ஒளிக்காமல் சொல்கிறோம்: சைவம் சாப்பிடுபவர்கள் சாதாரண ராமென் கடைக்குள் போய் 'கறி இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்டுப் பயனில்லை. கறி மேலே வைக்கும் துண்டுகளில் மட்டும் இல்லை, சூப்பிலேயே இருக்கிறது. டோன்கோட்சு என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பால் மாதிரி வெளுக்க வைத்த சூப். ஷோயு (சோயா சாஸ்), ஷியோ (உப்பு), மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) என்று பெயர் போட்டிருந்தாலும் அது சுவைக்காகச் சேர்ப்பதைத்தான் குறிக்கும். அடிச்சூப்பில் கோழி, பன்றி, காய்ந்த மீன் இவற்றில் ஏதாவது ஒன்று அனேகமாக இருக்கும். மிசோ சோயாவில் செய்வதுதானே என்று சப்போரோ மிசோ ராமெனைச் சைவக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மேலே முட்டைக்கோஸும் முளைப்பயறும் குவித்துவரும் காய்கறி ராமெனும் அப்படியே. 'சாஷூ நுகி' என்று சொன்னால் மேலே வைக்கும் பன்றித் துண்டை எடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் மாறாது. கோழி சூப் என்று எழுதிய கடையிலும் மேலே பன்றித் துண்டு வருவது சகஜம்.

அப்படியானால் வழி? சைவர்களுக்கு டோக்கியோ ரயில் நிலையத்துக்குள், டிக்கெட் தடுப்பைத் தாண்டி, கெயோ ஸ்ட்ரீட் என்ற கடை வரிசையில் டீஸ் டான்டான் இருக்கிறது. கறி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத கடை. எள்ளை அரைத்துக் காரம் சேர்த்துச் செய்யும் டான்டான் நூடுல்ஸ்தான் அங்கே விசேஷம், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ரயிலில் வந்து இறங்கும் போதே சாப்பிட்டுவிட்டால் தனியாக உள்ளே நுழைய டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அஃபுரி என்ற ராமென் கடைகளிலும் வீகன் (பால், முட்டைகூடச் சேராத) ராமென் ஒன்று உண்டு, ஆனால் கோழி சூப் வேகும் அதே சமையலறையில்தான் அதுவும் தயாராகிறது. அது பரவாயில்லை என்பவர்கள் போகலாம். ஹலால் வேண்டுபவர்களுக்கு டோக்கியோவின் அசகுசா பகுதியில் நாரிதாயா என்ற ராமென் கடை. பன்றி மட்டும் வேண்டாம், கோழி சாப்பிடுவோம் என்கிறவர்களுக்கும் அதுவே நிம்மதி.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு, டோக்கியோவுக்குப் பக்கத்து நகரமான யோகோஹாமாவில் இருக்கும் ஷின் யோகோஹாமா ராமென் அருங்காட்சியகம் நல்லது. 1994இல் திறந்தது. உள்ளே 1958ஆம் வருடத்துத் தெருவையே அமைத்திருக்கிறார்கள், உடனடி ராமென் முதன்முதலில் விற்பனைக்கு வந்த வருடம் அது. பல ஊர்க் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் சின்னக் கிண்ணமாக வாங்கி இரண்டு மூன்று வகை பார்க்கலாம். மற்ற கடைகளில் ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் பங்கிடுவதை விரும்ப மாட்டார்கள். ஆளுக்கு ஒன்று என்பதுதான் வழக்கம்.

கிண்ணம் வந்ததும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள், நூடுல்ஸ் ஊறிப் போய்விடும். உறிஞ்சும் சத்தம் அங்கே தப்பில்லை, வெட்கப்பட வேண்டாம். கவுண்டரில் மிளகுத்தூள், மிளகாய் எண்ணெய், சில கடைகளில் நசுக்கிய பூண்டுகூட இருக்கும். ஆகவே பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்க வேண்டாம் (யாரைச் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும்). ஹகாதா பாணிக் கடையில் நூடுல்ஸ் மட்டும் இன்னொரு முறை வாங்கலாம். 'காயெதாமா' என்று கேளுங்கள், ஆனால் அதுவரை சூப்பைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். தண்ணீரை நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். டிப்ஸ் கிடையாது. முடித்ததும் கவுண்டரின் மேல் தட்டில் கிண்ணத்தைத் தூக்கி வைத்து, அங்கிருக்கும் துணியால் உங்கள் இடத்தைத் துடைத்துவிட்டு 'கோச்சிசோசாமா' என்று சொல்லி எழுந்தால் கடைக்காரர் முகம் மலரும். அப்புறம் பேச்சுக் கச்சேரியை நாம் தங்கும் ஓட்டலுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

சூப் தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள் என்பதால் அன்று இரவு ஏழு மணிக்குள் கிளம்புங்கள். நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டையை விமான நிலையத்தில் ஆளுக்கொன்று தருவோம். ராமெனே வேண்டாம் என்பவர்களை அன்று வழிகாட்டி, இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷி கசாய் பக்கம் இந்திய உணவகத்துக்கு அழைத்துப்போவார். அதற்கு எத்தனை பேர் என்று புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸாப் குழுவில் சொல்லிவிடுங்கள். அந்தச் செலவும் அவரவருடையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டுக் குழு